ஒற்றைக் குச்சிப் பெட்டி

வசந்தாமணி தன் வலது கையை முந்தானைக்குள் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். கடைக்காரர் பாலசுந்தரத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. சேலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் சின்னக் கடை அது. மேசைமேல் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் இருந்தன. இரண்டும் மெட்ராஸ் பர்மா பஜாரிலிருந்து அவர் வாங்கிவந்தவை. பொம்மைக் காரைத் தொலைவிலிருந்தே ஓட்டுவதற்கானவை.

துப்பாக்கி மாதிரி இருந்ததைத்தான் அவர் புது மாடல் என்று முதலில் நீட்டினார். விசையை அழுத்தினால் வண்டி போகும், பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் வண்டி திரும்பும், நிஜக் கார் ஓட்டுவது போலவே இருக்கும் என்று சொன்னார். வசந்தாமணி அதை இடது கையில் பிடித்தாள். விரல் விசைக்கு எட்டியது. சக்கரத்தைத் திருப்பத்தான் கை இல்லை. அதை மார்போடு அணைத்து, குனிந்து, தாடையால் சக்கரத்தை உருட்டிப் பார்த்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டு குச்சி இருந்ததை எடுத்தாள். ஒரு குச்சி முன்னால் பின்னால் போக, இன்னொன்று இடம் வலம் திரும்ப. இரண்டுக்கும் நடுவே அவள் பெருவிரல் போவதும் வருவதுமாகத் தவித்தது.

"பையனுக்கு என்ன வயசுங்கக்கா?" என்று பாலசுந்தரம் கேட்டார்.

"பையனுக்கில்லீங்க. எங்க ஊட்டுக்காரருக்கு." முந்தானைக்குள் இருந்த கையை அவள் வெளியே எடுக்கவில்லை. "லாரி ஓட்டிட்டிருந்தாருங்க. இப்ப இந்தக் கை ஒண்ணுதான்."

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணில் துழாவி, தூசி படிந்த ஒரு பழைய பெட்டியை இறக்கினார். நடுவில் ஒரே ஒரு குச்சி. முன்னால் தள்ளினால் வண்டி முன்னால் போகும், இழுத்தால் பின்னால் வரும், சாய்த்த பக்கம் திரும்பும். ஏரியலின் நுனி ஒடிந்திருந்தது. புதியவை இருக்க இந்தப் பழசை யாருக்கும் தர அவருக்கு மனம் வந்ததில்லையாம். வசந்தாமணி அதை மடியில் வைத்துக் குச்சியை மெல்ல அசைத்தாள். நாலு பக்கமும் போய் நடுவுக்குத் திரும்பியது. அப்போதுதான் முந்தானையிலிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் கொண்டுவந்திருந்த காரைப் பாலசுந்தரம் மஞ்சள் பையிலிருந்து எடுத்துத் திருகாணிகளைக் கழற்றினார். பெட்டியிலும் காரிலும் ஒவ்வொன்றாக ஜோடிக் கிரிஸ்டல் போட்டார். இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தால்தான் ஒன்று சொல்வது இன்னொன்றுக்குக் கேட்கும் என்றார். பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு தோல்வாரும் தைத்துக் கொடுத்தார். எட்டுப் பென்சில் பேட்டரிக் கட்டை போட வேண்டும், பழைய பெட்டி என்பதால் கட்டையைக் குடித்துத் தீர்த்துவிடும் என்று எச்சரித்தும் அனுப்பினார்.

தன் ஊரான ஜேடர்பாளையத்துக்குப் பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. புருஷன் சென்னிமலை இதை எப்படி எடுத்துக்கொள்வான்? பம்பாய் லைனில் பதினெட்டு வருஷம் ஓட்டியவன் அவன். தொப்பூர்க் கணவாயில் வண்டி புரண்டபோது ஜன்னல் பக்கத்துக் கை நசுங்கிப்போய், முழங்கைக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷமாகிவிட்டது. உருக்குலைந்த அவன் சொந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள், அதன் பேட்டரி மட்டும் எருமை கட்டும் கட்டுத்தறியின் மூலையில் கிடந்தது. அவன் ரோட்டுப் பக்கமே போவதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டான், படு என்றால் படுத்தான். ஓமலூரில் கட்டிக்கொடுத்த மகள் சௌந்திரம் வந்து நாலு நாள் இருந்துவிட்டு, அப்பன் தன்னிடம் நாலு வார்த்தை பேசவில்லை என்று அழுதுகொண்டே போனாள்.

அந்தக் காரைக் கொண்டுவந்தவன் கண்ணுசாமி. சென்னிமலையோடு ஒன்றாக வண்டி ஓட்டியவன். பம்பாயில் பழைய சாமான்களுக்கு நடுவே கிடந்ததாம், ஓட்டுகிற பெட்டி இல்லாமல். ஷோகேஸில் வைக்கட்டுமென்று கொடுத்துவிட்டுப் போனான். அதற்கு இரண்டு நாள் கழித்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு சென்னிமலை தரையில் முழங்கால் போட்டுக் குனிந்து அந்தக் காரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன் ஆக்சிலைத் தொட்டுப் பார்த்தான். சக்கரத்தைச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டான். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த வசந்தாமணி, தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்தது. "நானென்ன சின்னப் பையனா?"

"வாங்கியாச்சுங்க. வேண்டாம்னா கண்ணுசாமி வந்தாக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு அவள் எருமை கறக்கப் போனாள். பாதி கறந்திருப்பாள். வீட்டின் முன்புறமிருந்து வண்டு ரீங்கரிப்பது போல ஒரு சத்தம் வந்தது. சொம்போடு எழுந்து போய்ச் சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தாள். கார் களத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. தோல்வார் கழுத்தில் தொங்க, இடது கைப் பெருவிரல் குச்சிமேல் இருக்க, சென்னிமலை கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். கார் வைக்கோல் போரை நெருங்கியபோது அவனுடைய வலது கால் தரையை அழுத்தியது. பிரேக் மிதிக்கிறான் என்று அவளுக்கு உடனே புரிந்தது. சத்தம் காட்டாமல் எருமையிடம் திரும்பிப் போனாள்.

சில வாரம் அப்படியே போனது. அவன் வண்டியைப் பின்னால் எடுத்து, இரண்டு செங்கல்லுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல நிறுத்தப் பழகினான். அவளைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தான். காருக்கு உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருந்தது. ஊர்ப்பக்கம் வரும்போதெல்லாம் கண்ணுசாமி அதைத் தன் லாரி பேட்டரியில் ஒயர் மாட்டிச் சார்ஜ் ஏற்றிக் கொடுப்பான். பெட்டியில் போடும் கட்டைகள்தான் தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் கார் களத்தின் கடைசிக்குப் போனபோது பெட்டி சொன்னது அதற்குக் கேட்கவில்லை. தன் போக்கில் ஓடி வாய்க்காலுக்குள் தலைகீழாக விழுந்தது. வசந்தாமணி சேலையைத் தூக்கிச் செருகி இறங்கி எடுத்துவந்தாள். அவன் பெட்டியைக் கழற்றிக் கட்டில்மேல் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். வேறு கட்டை வாங்கி வருகிறேன் என்றதற்கு, தினமும் கட்டை வாங்கிப் போட இதென்ன பண்டிகையா என்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஒரு வருஷமாகப் பேசாதிருந்த சென்னிமலை திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்து அவள் அன்று வெறும் வயிற்றோடு படுத்தாள்.

விடிந்து பார்த்தபோது படுக்கையில் அவன் இல்லை. தேடிக்கொண்டு ஓடினாள். கட்டுத்தறியில் பழைய லாரி பேட்டரிக்கு எதிரே குந்தி உட்கார்ந்திருந்தான்.

"ஒரு கட்டை ஒன்றரை வோல்ட்டு. எட்டுக் கட்டைக்குப் பன்னெண்டு" என்றான், அவளைப் பார்க்காமலேயே. "இதுவும் பன்னெண்டுதான் அம்முணி. லாரி பேட்டரியில கார் குடிக்கறதை இந்தப் பொட்டி குடிக்காதா?"

"செத்துக் கெடக்குதுங்களே."

"சார்ஜுக்குப் போடோணும்." பேட்டரிக்குச் சார்ஜ் போடும் செங்கோடன் கடை பிரிவு ரோட்டில், லாரிகள் நிற்கும் இடத்தில் இருந்தது. ஒரு வருஷமாக அவன் எந்த இடத்துக்கு வழி தெரியாதவன் போல இருந்தானோ அந்த இடம். வேண்டுமானால் கண்ணுசாமி வரும்போது கொடுத்தனுப்பலாம் என்று அவள் சொன்னாள். அவன் எழுந்து, சுவரோரம் நின்ற சைக்கிளைப் பார்த்தான்.

"நீ சைக்கிளைத் தள்ளு. நான் பிடிச்சுக்கறேன்."

பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் கைகொடுக்க, பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக் கட்டினார்கள். அவள் தள்ளினாள். அவன் பின்னால் இடது கையால் பேட்டரியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தான். பிரிவு ரோட்டில் நாலைந்து லாரிகள் நின்றன. டீக்கடை பெஞ்சில் இருந்த டிரைவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சிலர் எழுந்து நின்றார்கள். எல்லோர் கண்ணும் அவனுடைய காலிச் சட்டைக் கைக்குப் போய்விட்டு அவசரமாக வேறெங்கோ திரும்பியது. வசந்தாமணிக்குச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடலாமா என்றிருந்தது.

செங்கோடன் பேட்டரியின் மூடிகளைத் திறந்து பார்த்தார். தண்ணீர் வற்றியிருந்தது. "ஏனுங்ணா, எந்த வண்டிக்குங்க இது?"

டீக்கடையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"சின்ன வண்டிதானுங்க" என்றான் சென்னிமலை. "நம்முளுதுதான்."

மெதுவாகச் சார்ஜ் போட்டால் பிழைத்தாலும் பிழைக்கும் என்றார் செங்கோடன். பேட்டரி பிழைத்துக்கொண்டது. அதைத் திரும்ப வாங்கிவந்த அன்றைக்குக் கேரியரிலிருந்து இறக்கிவைக்கக்கூட அவனுக்குப் பொறுமையில்லை. சைக்கிளைக் களத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்கள். பேட்டரியிலிருந்து பெட்டிக்கு நீளமாக இரண்டு ஒயர், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. மாற்றிப் போட்டால் பெட்டி கருகிவிடும் என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். ஒயரின் முனையை அவன் பிடித்துக்கொள்ள அவள் முறுக்கினாள். குச்சியைத் தள்ளியதும் கார் சீறிக்கொண்டு பாய்ந்தது. களத்தைக் கடந்தது. திறந்திருந்த வேலிப் படலைத் தாண்டி வாய்க்கால் கரைப் பாதையில் ஏறியது. அவன் எழுந்து பின்னாலேயே போனான். ஒயர் விறைத்துக்கொண்டது. குச்சியை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

வசந்தாமணி சைக்கிள் ஸ்டாண்டை எடுத்துவிட்டாள்.

கரைப் பாதையில் கார் முன்னால் போனது. கழுத்தில் பெட்டியோடு அவன், அவனுக்குப் பின்னால் பேட்டரி வைத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள். ஒயர் இழுபடாமலும் தரையில் புரளாமலும் இருக்க, அவன் நடைக்குத் தன் நடையைக் கூட்டியும் குறைத்தும் வந்தாள். வெற்றிலைக் கொடிக்காலில் வேலையாக இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வளைவில் எதிரே கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்தது. சென்னிமலை காரை இடதுபக்கம் ஒதுக்கி, புல் விளிம்பில் நிறுத்தினான். வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, போகலாமா நிற்கலாமா என்று தயங்கினார். சென்னிமலையின் வலது தோள் அசைந்தது. காலிச் சட்டைக் கை மெல்ல மேலே எழுந்து, வண்டியைப் போகச் சொல்லி முன்னும் பின்னும் ஆடியது.