இரண்டாம் மாடி வீட்டு ஜல்லி

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்சந்தில் குடியிருந்த அய்யாதுரை கோபத்தில் பேசினால் வாயிலிருந்து ஜல்லி விழும். வீடு கட்டும்போது கலவையில் போடுகிற அதே முக்கால் அங்குலக் கருங்கல் ஜல்லிதான், வேறு விசேஷம் ஒன்றுமில்லை. கல்யாணமான இரண்டாவது மாதம், ரசத்தில் உப்பு தூக்கலாகிவிட்ட அன்றுதான் முதல் கல் விழுந்தது. அவன் மனைவி பாஞ்சாலி அதை எடுத்து ஜன்னல் ஓரமாக வைத்தாள். பதில் பேசவில்லை. பத்து வருடம் அவள் பதில் பேசவில்லை. அதற்குள் அந்த இரண்டாம் மாடி வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் முழங்கால் உயரத்துக்கு ஜல்லி ஏறிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், வேலை செய்கிற இடத்தில் அவனைப் போலத் தங்கமான மனிதர் கிடையாது. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் நின்றான். அறுபது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, "அப்புறமா வர்றோம்" என்று எழுந்து போகிற குடும்பத்திடமும், "பரவால்லக்கா, பொறுமையா வாங்க" என்று குழைவான். அங்கே பதினெட்டு வருடத்தில் ஒரு மணல்கூட விழுந்ததில்லை. எல்லாவற்றையும் நெஞ்சில் அடக்கி, பஸ் ஏறி, பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துதான் கொட்டினான். இப்படிப்பட்டவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. கல் விழாததால் தெரிவதில்லை.

மகள் தீபிகாவுக்கு ஒன்பது வயதானபோது, ஒரு மழைநாளில் கொடியில் கிடந்த அவனுடைய கடைச் சட்டையை எடுக்க மறந்துவிட்டாள். "நீ பொறக்காமலே இருந்திருக்கலாம்" என்றான் அய்யாதுரை. அன்று விழுந்தது ஜல்லியல்ல, தேங்காய் அளவு கல். குழந்தையின் வலது காலில் விழுந்து இரண்டு விரல் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்த கையோடு பாஞ்சாலி மகளை அழைத்துக்கொண்டு அடையாற்றில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போதும் ஒன்றும் பேசவில்லை.

தனியாக இருந்த வீட்டில் அவன் தன்னையே திட்டிக்கொண்டான். அதற்கும் கல் விழுந்தது. கீழ்வீட்டு கைசர் ஜஹான் படியேறி வந்தாள்.

"தம்பி, என் வூட்டு சீலிங்கு வெரிசல் வுட்டுக்கினு கீது. ராஜா அண்ணாமலைபுரத்துல ஜெபக்கூடம் கட்றாங்க, ஜல்லி வேணும்னு போர்டு வச்சிக்கிறாங்க. கொண்டுபோய் குட்துட்டு வா. உனுக்கும் புண்ணியம், எனுக்கும் தூக்கம்."

இப்படியாக, ஒரு முஸ்லிம் அம்மாள் சொல்லி, ஜல்லி கொடுக்கப் போன வகையில்தான் அய்யாதுரை ஜெபக்கூடத்துக்குள் கால் வைத்தான். பாஸ்டர் தேவசித்தம் முன்பு ஃபிரிட்ஜ் மெக்கானிக்காக இருந்தவர். எது எங்கே பழுது என்று பார்த்துப் பழகியவர். கல்லைக் கையில் எடுத்து, "நல்ல கல்லு. எந்தக் குவாரி?" என்றார். "என் வாய்தான் சார்" என்றான் இவன். பாஸ்டர் ஆச்சரியப்படவில்லை. சிமெண்டு மூட்டை மேல் உட்காரவைத்து, "உங்க மேல மொத கல்லு போட்டது யாரு?" என்று கேட்டார்.

அதை அவனிடம் யாரும் கேட்டதில்லை. திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், ஒன்பது வயதில் ஓர் ஆட்டைத் தொலைத்துவிட்டு நின்றதையும், "நீ பொறக்காமலே இருந்திருக்கலாம்லே" என்று அப்பா சொன்னதையும் சொன்னான். அதே சொல்லை மகளுக்குக் கொடுத்துவிட்டோம் என்பது சொல்லும்போதுதான் அவனுக்கு உறைத்தது. பாஸ்டர் அவன் தலையில் கை வைத்தார். நீளமான ஜெபமில்லை. "ஆண்டவரே, இதை இவர் முப்பத்து மூணு வருஷமா சுமக்கிறார், நீர் எடுத்துக்கொள்ளும்" என்றார், அவ்வளவுதான். அய்யாதுரை "இயேசுவே" என்று வாயைத் திறந்தான். அம்மிக்குழவி அளவில் ஒரு கல் வெளியே வந்தது. அது கருங்கல்லல்ல, அவன் ஊர்த் தேரி மணல்மேட்டைப் போலச் சிவப்பு. கலவை போட்டுக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை அப்படியே வைத்துவிட்டார்கள். கூடத்தில் புதுமழை வாசனை எழுந்தது. அவர்களில் ஒருவர் செருப்பைக் கழற்றினார். பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். இதை எழுதும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

இதோடு கதை முடிந்துவிட்டது என்று அவனும் நினைத்தான். அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. கர்த்தர் தனக்குச் செய்ததை எழுந்து சொல்கிற நேரம் அது. மைக் கைக்கு வந்தால் யாருக்கும் பேச்சு கொஞ்சம் தாராளமாகத்தான் வரும். அய்யாதுரை, "என் சம்சாரம் என்னை வுட்டுட்டுப் போய்ட்டாங்க. அவங்களுக்குப் பொறுமையில்ல. ஆனா கர்த்தர் என்னைக் கைவிடல" என்றான். மைக்கில் டொக்கென்று பட்டு ஒரு ஜல்லி தரையில் உருண்டது. சபை பழக்கதோஷத்தில் அல்லேலூயாவை "அல்லே" வரை சொல்லிவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டது.

பாஸ்டர் அவனைத் தனியே அழைத்தார். "இந்தச் சாட்சிய அடையாறுல போய்ச் சொல்லுங்க பிரதர். அவங்க செஞ்சத வுட்டுடுங்க. நீங்க செஞ்சத மட்டும் சொல்லுங்க."

போனான். வாசலில் நின்று, "நான் வெறும் பேச்சுதானேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் பாஞ்சாலி. கல்லுதான் அது" என்றான். அவள் கதவைச் சாத்தினாள். அடுத்த ஞாயிறும் போனான். மச்சான் முதல் மூன்று மாதம் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் கதவைத் திறந்தார். தீபிகா நான்காம் மாதம் ஜன்னல் வரை வந்தாள், ஏழாம் மாதம் படி வரை. கோபம் அவனை விட்டுப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். வந்தது. வரும்போதெல்லாம் வாயை மூடிக் கண்ணையும் மூடி நின்றான். திறந்தபோது வெறும் சொல்தான் வந்தது. பதினான்கு மாதம் ஒரு கல்லும் விழவில்லை. பதினைந்தாம் மாதம் பாஞ்சாலி மகளோடு வீடு திரும்பினாள். பழைய ஜல்லியெல்லாம் ஜெபக்கூடத்தின் தரைக்குள் போய், வீடு விசாலமாக இருந்தது.

திரும்பி வந்து மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை சாயந்தரம் அய்யாதுரை ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டான். சின்ன விஷயம்தான். பாஞ்சாலி வாயைத் திறந்தாள். "பத்து வருசம்" என்றாள். அவள் வாயிலிருந்து ஒரு ஜல்லி விழுந்தது.

பயந்துபோய்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தீபிகா சுவரோடு ஒட்டி நின்று அப்பாவைப் பார்த்தாள். இவன் என்ன செய்வான் என்பதில்தான் அவர்கள் மூன்று பேருக்கும் எல்லாம் இருந்தது. அய்யாதுரை அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் கையை மெல்ல விலக்கினான்.

"மூடாத பாஞ்சாலி. வரட்டும்."

வந்தது. சொல்லாமல் விழுங்கிய ஒவ்வொன்றும் வந்தது. சில கற்கள் அவன் முழங்காலில் பட்டுத் தோல் சிராய்த்தன. அவன் நகரவில்லை, "ஆமா" என்பதைத் தவிர வேறு பேசவுமில்லை. சத்தம் கேட்டு மேலே வந்த கைசர் ஜஹான், கல் யார் வாயிலிருந்து விழுகிறது என்று பார்த்துவிட்டு, கீழே போய் டிவியை அடுத்த அறைக்கு மாற்றிக்கொண்டாள். தீபிகா சுவரை விட்டு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினாள். முதல் சாக்கு நிறைந்தது.

"இன்னும் கீதா?" என்று கேட்டான் அய்யாதுரை.

"கீது" என்றாள்.

"சொல்லு" என்று அவன் அடுத்த சாக்கைப் பிரித்தான்.