அடிக்காமல் நிற்பவர்கள்

1

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு பாட்டிலிருந்து கிடைத்தது. பாட்டு என்றால் யாரும் வாய்திறந்து பாடியது இல்லை. இரண்டு பேர் அடித்துக்கொள்ளும் வீடியோ கேமில் பின்னால் ஓடிக்கொண்டே இருக்குமே, ஆடுகிறவர்கள் யாரும் காதில் வாங்காத வாத்தியம், அது. அந்த மாதிரி வாத்தியங்களை மட்டும் சேர்த்துவைக்க ஒரு குரூப் இருக்கிறது. அதில் ஒரு பதிவு கிடந்தது. 'பணிமனை மேடை. நின்று எடுத்தது. முடியவில்லை' என்று மேலே போட்டிருந்தது.

வேலை முடிந்து வந்து, முதுகைத் தரையில் போட்டுக்கொண்டு கேட்டேன். பாதியில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வாத்தியத்துக்குப் பின்னால் ஓர் அறை கேட்டது. அந்த அறையில் ஓர் ஆள் இருந்தார். அப்புறம் இல்லை. அப்புறம்

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். பிறகு வருகிறேன்.)

2

'அன்று காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டிருந்தது' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். மழை பெய்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? பதிவில் மழை இல்லை.

'அவளுக்கு அப்போதே மனசு சரியில்லை' என்று தொடங்கினேன். அதுவும் பொய். அவளுக்கு அன்று மனசு நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாயாடியின் வாயை அடைக்கப் போகிறோம் என்ற குஷியில் இருந்தாள்.

ஆகவே அவளிடமிருந்தே தொடங்குகிறேன். பெரிய பெரிய விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்பும் ஒரு சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிக்கிற வேலை. மத்தியானம் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டியபின் கொண்டுவந்து இறக்கிவிடும். காலைப்பொழுது அவளுடையது. அதில்தான் அந்தக் குரூப்பை நடத்திவந்தாள். குரூப்பில் அவளுக்குத் தையல்காரி என்று பேர். ஊசிநூலுக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை. விளையாட்டு வாத்தியம் முடிகிறது என்பதே கிடையாது. கடைசியைக் கொண்டுபோய் முதலோடு ஒட்டியிருப்பார்கள், சுற்றிச் சுற்றி வரும். அந்த ஒட்டை அவர்கள் தையல் என்பார்கள். எவ்வளவு நைசாக ஒட்டியிருந்தாலும் இவள் காது அந்த இடத்தில் இடறும். "இங்க தச்சிருக்கான்" என்பாள். சரியாக இருக்கும்.

3

வாயாடியின் பேர் மேஸ்திரி. நிஜத்தில் கட்டட மேஸ்திரியா, சும்மா வைத்துக்கொண்ட பேரா, தெரியாது. குரல் வயசானது. பாட்டு குரூப்பில் அவருக்குப் பாட்டில் அக்கறையே இல்லை. விளையாட்டில் எந்த ஆளுக்கு எவ்வளவு பலம் கொடுக்க வேண்டும், எவனுக்குக் குறைக்க வேண்டும் என்பதுதான் அவருக்குப் பேச்சு. அவர் ஆடுவது குருவி என்ற ஆளை வைத்து. ஒல்லி உடம்பு, படு வேகம், உயிர் மட்டும் கொஞ்சம். எதிரி கையைக் கட்டித் தடுத்துக்கொண்டே நின்றால் குருவி பாடு திண்டாட்டம்.

"நிக்கிறவனுக்குத் தானா உயிர் குறையணும். நான் கேக்கிறது அவ்வளவுதான்" என்றார் அன்றைக்கும். "சுவரு மாதிரி நின்னு தடுத்துக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு சண்டையா?"

"கஷ்டமா இருந்தா குருவிய விட்டுட்டு, பாறைன்னு ஒரு தடியன் இருக்கான்ல, அவன எடுத்து ஆடுங்களேன்" என்றான் நெட்டை. குரூப்பில் அவன் இவளுக்கு அடுத்த ஆள்.

"சம்பளம் பத்தலைன்னா வேற வேலைக்குப் போய்யாங்கற மாதிரி இருக்குடா நீ பேசறது."

"இங்க பாட்டு பத்தி மட்டும்தான் பேச்சு" என்றாள் தையல்காரி.

"பாட்டு பத்தித்தான்மா பேசறேன். பாட்டு போட்டா ஆடணும்ல? நிக்கிறதுக்கா போட்டான்?"

"நீங்க கேக்கற சட்டம் வந்துச்சுன்னா நாங்க எப்படிங்க பதிவு எடுக்கறது? நிக்க நிக்க உயிர் போய்க்கிட்டிருந்தா பாட்டு ஒரு சுத்து வர்றதுக்குள்ள ரெண்டு பேருமே செத்துருவோம்."

"அடிக்காம நிக்கிறதெல்லாம் மனுசனுக்கு ஆகாத காரியம்மா. எதிர்ல ஆளப் பாத்தா கை அரிக்கும்."

"ஒரு தடவை வந்து நின்னு பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

மேஸ்திரி சிரித்தார். பதிவில் அவர் சிரிப்பது இந்த ஓர் இடத்தில்தான்.*

"நிக்கறேன். நீங்களா கை ஓங்கற வரைக்கும் அசையவும் மாட்டேன், பேசவும் மாட்டேன். மொத அடி நீங்கதான் அடிப்பீங்க, பாத்துக்கிட்டே இருங்க."

* பதிவில் இந்த வாக்குவாதம் முன்னால் வருகிறது. மைக்கை மூட மறந்திருக்கிறார்கள். எனக்கு அது நல்லதாகப் போயிற்று.

4

நிற்பது என்றால் என்ன என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மேற்கொண்டு விளங்காது.

அடி விழும் சத்தம் கலக்காமல் வாத்தியத்தை முழுசாக எடுக்க அவர்கள் கண்டுபிடித்த வழி அது. இரண்டு பேர் தத்தம் வீட்டிலிருந்து ஒரே மேடைக்கு வருவார்கள். ஆட்டத்தின் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். எதிரெதிரே நிற்பார்கள். அவ்வளவுதான். திரையில் இரண்டு உருவங்கள் முட்டியை மடக்கி, முஷ்டியைத் தூக்கி, மூச்சுவிட்டுக்கொண்டே நிற்கும். நெஞ்சு ஏறி இறங்கும். ஆடுகிறவன் கை வைக்காவிட்டாலும் அது மூச்சுவிடும், அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். விளையாட்டுக்குக்கூட எவனும் கை வைத்துவிடக் கூடாது என்று தையல்காரி ஒரு சட்டம் போட்டிருந்தாள்: ஒரே அடியில் உயிர் போகும்படி வைத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். சுண்டுவிரல் பட்டாலும் எதிராளி விழுவான், ஆட்டம் முடியும், இரண்டு வீட்டுக்கும் இடையே உள்ள தொடர்பு அறுந்துவிடும். தடுத்தால் மட்டும் தப்பிக்கலாம்.

அவள் போட்ட சட்டம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு முடிந்த கையோடு பணிமனை மேடையில் நின்றார்கள். இந்தப் பக்கம் அவள் வைத்து ஆடும் சங்கிலிக்காரி. அந்தப் பக்கம் குருவி. மேஸ்திரியின் மைக் திறந்திருந்தது. அவர் வீட்டு டிவியிலிருந்து அதே வாத்தியம் கொஞ்சம் பிந்தி மங்கலாக வந்தது. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். நின்ற அழகு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இருமல் இல்லை, செருமல் இல்லை. வாயாடி என்று நினைத்த ஆள் சிலை மாதிரி நிற்கிறாரே என்று இருந்தது. மத்தியானம் வேன் ஹாரன் அடித்தது. விட்டுக்கொடுக்க மனசு வராமல், எல்லாவற்றையும் ஓடவிட்டபடியே வேலைக்குப் போய்விட்டாள். இருட்டியபின் வந்தவள் அலுப்பில் டிவி பக்கம் திரும்பாமலே படுத்துவிட்டாள்.

5

"ஏன்க்கா, டிவில அந்த ஆளு இன்னும் மூச்சு விட்டுக்கிட்டே நிக்கறான்" என்றாள் ஓரகத்தி மறுநாள் காலையில். "நேத்து சாயங்காலம் என்னையே பாக்கற மாதிரி இருந்துச்சு. துணியப் போட்டு மூடிட்டேன்."

"இன்னுமா நிக்கறாரு?"

"நீ நிக்க வச்சுட்டுப் போயிட்ட. அவரு என்ன பண்ணுவாரு?"

தையல்காரி துணியை எடுத்தாள். குருவி நின்றுகொண்டிருந்தது.

குரூப்பில் ஒரே கொண்டாட்டம். "மேஸ்திரி வீம்புக்காரரு அக்கா, சோறு தண்ணி இல்லாம நிக்கறாரு, நீங்க தோத்தீங்க" என்றான் நெட்டை. கூடவே இன்னொன்றும் சொன்னான். மேஸ்திரி கேட்ட சட்டம் வந்துவிட்டது. இன்று சாயங்காலம் அப்டேட். அப்போது எல்லாத் தொடர்பும் அறுந்து, புதுசாகத்தான் தொடங்கும். அதற்குப் பிறகு சும்மா நிற்கிறவனுக்கு உயிர் தானாகக் கரையும்.

(ஓரகத்தியை நான்தான் கொண்டுவந்தேன். பதிவில் வேறொரு பெண்குரல் ஒரே ஒரு தடவை, தூரத்தில், "சாப்ட்டியா?" என்கிறது. அதைப் பிடித்து இழுத்து இவளை உண்டாக்கினேன். தையல்காரியை அந்த அறையில் தனியாக உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை.)

6

சலவைக்கூடத்தில் விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடக்கும்போது கத்தினாலும் சத்தம் எழும்பாது. துணி தின்றுவிடும். அத்தனையும் வண்டியேறிய பிறகு, ஒருத்தி தும்மினால் சுவர் நாலு தடவை திருப்பித் தும்மும். ஆள் இருக்கும் அறைக்கும் ஆள் இல்லாத அறைக்கும் அதே வித்தியாசம்தான். உடம்பும் சத்தத்தைத் தின்னும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு நேற்றைய பதிவைக் கேட்டாள். வாத்தியத்தை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் பிந்தி வரும் மேஸ்திரி வீட்டு வாத்தியத்தை மட்டும் கேட்டாள். முதல் சுற்றில் அது போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது சுற்று தொடங்கிய கொஞ்ச நேரத்தில், ஏதோ ஒன்று மெத்தென்று விழுந்த சத்தம், கீழே. நேற்று அதைத் தையல் என்று நினைத்திருந்தாள். தையல் வர இன்னும் நேரம் இருந்தது. அதற்கப்புறம் அந்த அறை கணீரென்று கேட்டது. துணியெல்லாம் போய்விட்ட கூடம் மாதிரி.

"போலீஸுக்குச் சொல்லேன்க்கா" என்றாள் ஓரகத்தி.

"என்னன்னு சொல்றது? பேரு மேஸ்திரி, ஆளு குருவின்னா? எந்த ஊருன்னுகூடத் தெரியாதே."

"கேமு கம்பெனிக்காரனுக்கு?"

"எழுதிட்டேன். கருத்துச் சொன்னதுக்கு நன்றின்னு வந்துச்சு."

நேற்றையதை நிறுத்திவிட்டு, இப்போது ஓடிக்கொண்டிருப்பதைக் கேட்டாள். கேட்டவள் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

வாத்தியம் மங்கலாக வந்தது. மறுபடியும் போர்வைக்குள்ளிருந்து.

"மேஸ்திரி, போதுங்க" என்றாள். "நீங்கதான் ஜெயிச்சீங்க. நான் ஒத்துக்கறேன். பேசுங்க."

வாத்தியம்.

"அங்க யாருங்க உக்காந்திருக்கறது?"

நாற்காலி முனகியது. வாத்தியம் இன்னும் கொஞ்சம் மங்கியது. யாரோ திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி.

7

பதிவு இங்கே நின்றுவிடுகிறது. இனிமேல் நான்தான்.

(அ) மேஸ்திரிக்கு ஒன்றும் ஆகவில்லை. தலையணை கீழே விழுந்தது, அவர் எழுந்துபோய் நன்றாகத் தூங்கினார், காலையில் வந்து உட்கார்ந்தார். சொன்ன சொல்லுக்காக வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார். இதை ஒரு பக்கம் எழுதினேன். அந்தச் சிரிப்பு என் கைக்கு வசப்படவே இல்லை. வாசிக்கும்போது அழுகிற மாதிரி இருக்கிறது.

(ஆ) உட்கார்ந்திருப்பது அவர் வீட்டம்மா. நேற்று அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தம்மாவை வீட்டுக்குப் போ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. வந்து பார்த்தால் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இருப்பது என்ன, அதிலிருந்து பேசுகிற பெண் யார், எதுவும் அந்தம்மாவுக்குத் தெரியாது. பதில் சொல்ல எதைத் தொடவேண்டும் என்பதும் தெரியாது. அணைத்துவிடலாம். அணைக்கவில்லை. அவர் விட்டுவிட்டுப் போனதில் அது ஒன்றுதான் இன்னும் மூச்சுவிடுகிறது.

(இ) யாரும் இல்லை. பூட்டிய வீடு. ஆனால் நாற்காலியில்

(இ)யை எழுதியது பட்டப்பகலில். இருந்தாலும் எழுந்துபோய் விளக்கைப் போட்டுவிட்டு வந்தேன். மேற்கொண்டு எழுதவில்லை.

எழுதுகிறவன் சொன்னால் கதையில் ஆள் எழுந்து நடக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மூன்று விதமாகவும் எழுதிவிட்டேன். ஒவ்வொன்றின் முடிவிலும் குருவி அதே இடத்தில், அதே முஷ்டியோடு, நெஞ்சு ஏறி இறங்க நிற்கிறது. என் பேச்சுக்கு அது அசையவில்லை. அடிக்கிற வரைக்கும் அசைய மாட்டேன் என்று அவர் சொன்னது என்னையும் சேர்த்துத்தான் போல.

8

வேன் வந்துவிட்டது. ஹாரன்.

"அக்கா, வண்டி" என்கிறாள் ஓரகத்தி வாசலிலிருந்து. "சீக்கிரம் ஒரு முடிவு பண்ணு."

தையல்காரி கண்ட்ரோலரைக் கையில் எடுக்கிறாள். சங்கிலிக்காரியை ஓர் எட்டு முன்னால் நகர்த்துகிறாள். குருவி கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிறது. கட்டைவிரல் இருப்பதிலேயே லேசான அடிக்குரிய பட்டன் மேல். அடித்தால், அங்கே இருப்பது மேஸ்திரியாக இருந்தால் தடுப்பார். அவ்வளவு வருஷப் பழக்கம், கை தானாகப் போகும். குருவியின் இரண்டு கையும் குறுக்கே உயரும், அவர் பேசுவார், "பாத்தீங்களா, மொத அடி நீங்கதான்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பாள்.

அந்தம்மாவாக இருந்தால் குருவி விழும். அந்தம்மாவின் கண் முன்னால் அந்த மூச்சு நிற்கும். அந்த அறையோடு தொடர்பு அறுந்துபோகும்.

அடிக்காவிட்டால் சாயங்காலம் தானாக அறுந்துபோகும். யார் என்று கடைசிவரை தெரியாது.

இந்த இடத்தில் நான் அவள் விரலை அழுத்த வேண்டும். அழுத்திப் பார்த்தேன். அவள் விரல் கீழே போக மறுக்கிறது. மேலே எடுக்கவும் மறுக்கிறது. நான் எழுதும்வரை வாத்தியம் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் சும்மா இழுத்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கே தெரிந்திருக்கும். எத்தனை நேரம் இழுக்க முடியும்? மூன்றாவது ஹாரன் அடிக்கிறது.

இந்தாருங்கள், பிடித்துக்கொள்ளுங்கள். சின்ன பட்டன்தான், வலதுகைப் பக்கம். கொஞ்சம் சூடாக இருக்கும், அவள் விரல் இவ்வளவு நேரம் அதன்மேல் இருந்தது. ஹெட்போனையும் மாட்டிக்கொள்ளுங்கள். மங்கலாகக் கேட்கிறதா? சரி. அங்கே ஆள் இருக்கிறார்.

அவருக்கும் நீங்கள் மூச்சுவிடுவது கேட்கும்.

தையல் வருகிறது. நான் எழுதுவதை நிறுத்துகிறேன். இனி எதிரே நிற்பது நீங்கள்.