நீர் குலுங்கும் வரை

நர்ஸ் மருந்துப் பெட்டியைத் திறந்தாள். ஓரத்தில் இருந்த தடுப்பூசிக் குப்பி கல்லாக உறைந்திருந்தது.

வெளியே வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. தொண்டை அடைப்பான் நோய்க்கு இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகும் ஊசி என்றாலே கதவைச் சாத்திய தெரு இது. மைக்கும் கையுமாக அலைந்து, குரல் கம்மி, அவள்தான் அவர்களை வரவழைத்திருந்தாள். இன்று கலைந்தால் மறுபடி சேர்ப்பது நடக்காத காரியம்.

"அண்ணா, ஐஸ் பட்டைய எப்ப உள்ள வச்ச?"

பெட்டியைக் கொண்டுவந்த வேன் டிரைவர் அவளுடைய சொந்த அண்ணன்.

"ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கையோட. வெயில் மண்டையப் பிளக்குதேன்னு ரெண்டு சேத்தே வச்சேன்." முகத்தில் பெருமை வழிந்தது.

நீர் உறைந்த அந்த பிளாஸ்டிக் பட்டைகளை வெளியே வைத்து, அவை வியர்த்து, உள்ளே நீர் குலுங்கிய பிறகுதான் அடுக்க வேண்டும். எப்போதும் அவளே காத்திருந்து அடுக்குவாள். இன்று மைக்கோடு போய்விட்டாள். இந்த மருந்து ஒருமுறை உறைந்தால் போச்சு. உருகிய பிறகு பார்க்க மருந்து மாதிரியே இருக்கும். காக்காது.

நடுவில் இருந்த குப்பிகள் உறைந்ததாகத் தெரியவில்லை. வழியில் உறைந்து உருகியிருந்தால்?

உறைந்த குப்பியை உள்ளங்கையில் பொத்தி உருக்கினாள். நடுக்குப்பி ஒன்றையும் எடுத்து, இரண்டையும் சேர்த்துக் குலுக்கி மேசையில் வைத்தாள். இரண்டும் பாலாகக் கலங்கின. கெட்டது சீக்கிரம் அடியில் படியும். நல்லது மெதுவாகத்தான் படியும்.

முதல் ஆளாக நாற்காலியில் அண்ணி, மடியில் குழந்தை. "குப்பிய முறைச்சா மருந்து தானா ஊசிக்குள்ள ஏறிடுமா?" என்றாள். வரிசையில் சிரிப்பு.

உறைந்திருந்த குப்பியின் அடியில் வெள்ளை இறங்கியது. மற்றது கலங்கியே நின்றது. அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் சில நிமிடங்களிலேயே அதன் மேல்பாகமும் தெளிந்துவிட்டது. அடியில் அதே வெள்ளை.

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். கிட்டே வந்து கிசுகிசுத்தான். "போட்டா ஏதாவது ஆயிடுமா?"

"பெருசா ஒண்ணும் ஆகாது. நோயும் நிக்காது."

"அப்ப இன்னிக்குப் போட்டுடு. நல்லத அப்புறம் போட்டுக்கலாம். இவங்க திரும்பிப் போனா நாளைக்கு உன்ன யாரு மதிப்பா?"

"போட்டாச்சுன்னு நிம்மதியா வீட்டுக்குப் போவாங்கண்ணா. உன் புள்ளையும் சேத்து."

அவள் மைக்கை எடுத்தாள்.

"மருந்து உறைஞ்சு கெட்டுப்போச்சு. தப்பு எங்களோடது. வேற மருந்து வர சாயங்காலம் ஆயிடும். தயவுசெஞ்சு இருங்க."

தெருவே 'ரேடியோ' என்று கூப்பிடும் பெண்தான் ஆரம்பித்தாள். "மருந்தையே பாத்துக்கத் தெரியல, நம்ம புள்ளைங்களப் பாத்துக்கப் போறாளாம்."

வரிசையின் வால் அறுந்து கலையத் தொடங்கியது.

"அவளத் திட்டாதீங்க," என்றான் அண்ணன். "அவசரப்பட்டு ஐஸ் வச்சது நான். முதல்ல உக்காந்திருக்கறது என் புள்ளதான்."

அண்ணி அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். "பேசினது போதும், வண்டிய எடுங்க. நான் இங்கிருந்து நகர மாட்டேன். எந்திரிச்சா ரேடியோ அக்கா இடத்தப் பிடிச்சிடுவாங்க."

சிலர் சிரித்தார்கள். பலர் போய்விட்டார்கள். ரேடியோ வாசலில் நின்றாள். உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை.

மதியம் மருந்துக் கிடங்கிலிருந்து ஃபோன் வந்தது. அண்ணன் பட்டையை ஃபோனுக்குப் பக்கத்தில் ஆட்டினான். சத்தமே இல்லை.

"இன்னும் கட்டியாத்தான் இருக்கு. பொறு."

"இங்க உக்காந்து ஐஸையே பாத்துட்டிருக்கேன். கிடங்குல எல்லாரும் சிரிக்கறாங்க."

"சிரிக்கட்டும்."

நாற்காலியில் குழந்தை தூங்கிவிட்டது. ரேடியோ கிட்டே வந்து நின்றாள். நர்ஸ் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, சளக் சளக் என்று கேட்டது.

"இப்ப உள்ள வை," என்றாள்.