உதட்டோரம் ஒரு எள்ளளவு

அந்தத் தெருவில் அவளுக்குப் பார்லர் அண்ணி என்றுதான் பெயர். கட்டிக்கொண்டு வந்த வீட்டில் நாத்தனார் கூப்பிட்ட "அண்ணி", வாசல் அறையில் பார்லர் வைத்ததும் தெருவுக்கே பொதுவாகிவிட்டது. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அறிவுரை அவளிடம் இலவசம், கேட்காவிட்டாலும் கிடைக்கும். சன்ஸ்கிரீனை முகத்தோடு நிறுத்தியவளிடம், "காதும் கழுத்தும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்பாள். நெயில் பாலிஷைத் திட்டுத் திட்டாக அப்பியவளிடம், "நகத்துக்குப் போட்டியா, சுவத்துக்கு அடிச்சியா?" என்று கேட்டு மானத்தை வாங்குவாள். லிப்ஸ்டிக் விஷயத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது. கண்ணாடி பார்க்காமல் அதைத் தொடக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

அந்தச் சட்டத்தை நாத்தனாரிடம் என்னவென்று சொல்வது?

நாத்தனார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஊருக்கே சொன்ன குரல் அவளுடையது. போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து, உயிரை மட்டும் போனால் போகிறதென்று விட்டுவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டு போனது. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். இப்போது நிலையத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வண்டி விவரத்தைச் சொல்வார். அவள் கேட்டு மைக்கில் அறிவிக்க வேண்டும். திங்கட்கிழமை காலை சோதனை. சரிப்பட்டால் வேலை திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்காரும்.

போகிறேன் என்றாள் நாத்தனார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"லிப்ஸ்டிக் நானே போட்டுக்கணும் அண்ணி. அது முடியலைன்னா நான் போகலை."

"கூண்டுக்குள்ள உக்காந்து பேசப்போற. உன் உதட்டை எந்த ரயில் வந்து எட்டிப் பாக்கப்போகுது?"

"யாரும் பாக்க வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து சாயம் இல்லாம நான் மைக் முன்னாடி வாயைத் திறந்ததில்லை. அதைக்கூட இன்னொருத்தர் கையால போட்டுக்கிட்டுப் போனா, அங்க போய் நான் என்னத்தைத் தனியா செஞ்சிடுவேன்னு எனக்கே தோணும்."

சனிக்கிழமை மதியம் வாடிக்கைக்காரர்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஒத்திகை வைத்தார்கள். அண்ணி அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். பழக்கதோஷத்தில் கண்ணாடியைச் சாய்த்து, சுற்றியிருந்த விளக்குகளை எல்லாம் போட்டுவிட்டாள்.

"கண்ணாடி சரியா இருக்கா, கண்ணு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சூடு தெரியுது. லைட்டை அணைங்க, முகம் வெந்துடும்" என்று நாத்தனார் சிரித்தாள்.

அவளாகவே போட்டுக்கொண்டாள். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. "அடி சக்கை, கச்சிதம்" என்று அண்ணியின் வாய் சொன்னது. சொல்லும்போதே கை பஞ்சை எடுத்து உதட்டோரத்தைத் துடைத்துவிட்டது. வருஷக்கணக்கில் அந்த வேலையையே செய்த கை. அது யாரைக் கேட்டது?

நாத்தனாரின் முகம் சுண்டிப்போயிற்று.

"கச்சிதம்னா எதைத் துடைக்கிறீங்க?"

அண்ணி பஞ்சைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"இனிமே நீங்க நல்லாருக்குன்னு சொன்னா நான் எப்படி நம்பறது? எனக்கு இருக்கறது உங்க கண்ணுதானே அண்ணி?"

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வரவில்லை என்று நிலையத்துக்குச் சொல்லிவிடும்படி அண்ணனிடம் உள்ளிருந்தபடியே சொன்னாள். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாளெல்லாம் அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. தங்கை மனசு மாறுவாள் என்று அண்ணன் நிலையத்துக்குத் தகவல் சொல்லாமலே வைத்திருந்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும் அண்ணி அந்தக் கதவைத் தட்டினாள்.

"இன்னொரு தடவை போடு. நான் என் கை மேலேயே உக்காந்துக்கறேன். இருக்கறதை இருக்கறபடி சொல்றேன். பொய் சொன்னா அப்புறம் என் முகத்துலயே முழிக்காதே."

"இப்ப மட்டும் எப்படி முழிக்கிறேனாம்?" என்றபடி கதவைத் திறந்தாள். அண்ணி கட்டிலில் உட்கார்ந்ததும், நாத்தனார் குனிந்து அவள் கைகள் நிஜமாகவே தொடைக்கடியில் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்துக்கொண்டாள். அப்போதுதான் அண்ணி அவள் நகங்களைக் கவனித்தாள். எல்லாவற்றிலும் சிவப்பு பாலிஷ், பிசிறில்லாமல்.

"இது எப்போ?"

"நேத்து. கோவம் வந்தா கை சும்மா இருக்காது."

"யாரு போட்டுவிட்டது?"

"நானேதான். பாலிஷ் பட்ட இடம் சில்லுனு இருக்கும். சில்லுனு இல்லைன்னா அங்க விட்டுப்போச்சுன்னு அர்த்தம். தோல் மேல வழிஞ்சது குளிக்கும்போது உரிஞ்சு வந்துடும்."

எத்தனை ஆயிரம் நகங்களுக்குப் பூசியிருப்பாள் அண்ணி. பாலிஷ் சில்லென்று இருக்கும் என்பது அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாத்தனார் இரண்டு விரல் நீளத்துக்கு சன்ஸ்கிரீனைப் பிதுக்கினாள். நெற்றி, கன்னம், காதுமடல், பின்கழுத்து என்று விரல்கள் அவசரமில்லாமல் போயின. வழுக்குவது நிற்கும்வரை தேய்த்தாள். பிறகு, தொட்டாலே அடையாளம் தெரிய ரப்பர் வளையம் சுற்றி வைத்திருந்த லிப்ஸ்டிக்கைத் தேடி எடுத்தாள். இடது ஆள்காட்டி விரலை உதட்டின் ஓரத்தில் வேலிபோல வைத்தாள். மேலுதட்டின் நடுவில் இருக்கும் பள்ளத்தில் சாயத்தை ஊன்றி, வேலியில் இடிக்கும்வரை இழுத்தாள். விரலை மறுபக்கம் மாற்றினாள். அண்ணிக்கு மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது. தன் தொழிலைத் தானே முதல்முறையாகப் பார்ப்பது மாதிரி இருந்தது அவளுக்கு. கண்ணே இல்லாமல் ஒரு முகம் தன்னைத்தானே அறிந்துகொண்டிருந்தது.

"சொல்லுங்க."

இடது ஓரத்தில் கொஞ்சம் வெளியே வந்திருந்தது. அண்ணி தொடைக்கடியில் கையை இன்னும் அழுத்திக்கொண்டாள். சொன்னால் போகமாட்டேன் என்பாளோ?

"இடது ஓரம், கீழே. ஒரு எள்ளளவு வெளியே இருக்கு."

நாத்தனார் கைக்குட்டையை நகத்தில் சுற்றி அந்த இடத்தை வழித்தாள்.

"இப்போ?"

"இப்போ இல்லை. ஆனா மேலுதடு கொஞ்சம் தடிமன். நான் போட்டிருந்தா அப்படி விடமாட்டேன்."

நாத்தனார் லிப்ஸ்டிக்கை மூடி வைத்தாள். பிறகு, "இருக்கட்டும். அண்ணனை வண்டியை எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

நிலையத்தில் ஊழியர் ஒருவர் வந்து அவளை அறிவிப்பு அறைக்குள் அழைத்துக்கொண்டு போனார். அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நடைமேடையில் போய் நின்றாள். மேலே ஒலிபெருக்கி கரகரத்து அடங்கியது. எதுவும் வரவில்லை.

பிறகு அந்தக் குரல் வந்தது. நடுக்கமில்லாமல், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நின்றது. "பயணிகள் கவனத்திற்கு. முதலாவது நடைமேடைக்கு வரவேண்டிய வண்டி, இன்று நான்காவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது."

பேச்சுச் சத்தம் நின்றது. பெட்டியைத் தூக்கினார்கள், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தோளில் போட்டார்கள், ஒருவரை ஒருவர் கைப்பிடித்து இழுத்தார்கள். கண் உள்ள அத்தனை பேரும் அந்தக் குரலை நம்பித் திரும்பினார்கள். எந்த வண்டிக்கும் போக வேண்டியிராத பார்லர் அண்ணியும், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், அவர்களோடு நான்காவது நடைமேடையை நோக்கி நடந்தாள்.