கப்பல் மாத்திரை

தீவிலிருந்து போர்ட் பிளேர் போகும் கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்தா சொர்ணம்மாவுக்கு உடம்பெல்லாம் தடிக்க வேண்டும்! காலையில் தின்ற நண்டு வேலையைக் காட்டிவிட்டது. ரப்பர் தோட்டத்தில் உழைத்து உரமேறிய அறுபது வயது உடம்பைச் சொறிந்து சொறிந்து ரணமாக்கிக்கொண்டு, கணவர் நல்லதம்பியோடு கப்பல் துறைக்குப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள்.

"ஜல்தி ஒரு ஊசி போட்டு அனுப்புங்க சிஸ்டர். நாளைக்கு எங்க மக சுதாவுக்கு ஆப்பரேஷன் பண்ணிப் புள்ள எடுக்குறாங்க. அங்க அவளுக்கு யாருமில்ல."

நர்ஸ் அகிலாவுக்கு மனசு இளகிவிட்டது. அடுத்த கப்பல் ஐந்து நாள் கழித்துத்தான். டாக்டர் எழுதிய அலர்ஜி மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டே, "வேற மருந்து ஏதாச்சும் எடுக்கிறீங்களாம்மா?" என்று கேட்டாள். "ஒன்னுமில்ல" என்றாள் சொர்ணம்மா. ஊசி இறங்கியது.

அரை மணியில் தடிப்பு அடங்கியது. ஆனால் சொர்ணம்மா கண்ணைத் திறக்கவில்லை. அகிலா தட்டினாள், உலுக்கினாள், காதருகே கத்தினாள். ஒரு முனகல், அவ்வளவுதான். மூச்சு மெதுவாக, விட்டு விட்டு வந்தது. இந்த ஊசிக்குத் தூக்கம் வரும்தான், இப்படியா வரும்? பாவி, அளவை மாற்றிப் போட்டுவிட்டேனா? குப்பியை எடுத்துப் பார்த்தாள். அளவு சரிதான்.

அப்போது கப்பல் ஊதியது. நல்லதம்பி பதறினார்.

"ஏந்திரி புள்ள! கடல் மோசம்னு ரெண்டு மாத்திரய வேற முழுங்கிட்டு இப்பிடியா கெடப்ப?"

"என்ன மாத்திரை?"

"கப்பல் மாத்திரதாங்க. வாந்தி வராம இருக்க. அதெல்லாம் மருந்தா?"

அதுவும் இதே வகை மருந்துதான், அதுவும் தூங்கத்தான் வைக்கும். ஆனால் தீவில் யார் அதை மருந்து என்று சொல்கிறார்கள்? ஊருக்குக் கப்பல் ஏறும்போதெல்லாம் அகிலாவே மிட்டாய் மாதிரி வாயில் போட்டுக்கொள்வதுதானே! அவளுக்கே கேட்கத் தோன்றவில்லையே.

டாக்டர் ஓடி வந்தார். சொர்ணம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆக்சிஜன் மாட்டி, மூச்சை எண்ணிக்கொண்டு அகிலா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கப்பல் போய்விட்டது. சாயங்காலம்தான் மூச்சு சீரானது.

நல்லதம்பி கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க இல்லேன்னா என்னா ஆயிருக்கும் சிஸ்டர்!"

"கும்பிடாதீங்கய்யா. தப்பு என்னோடது. கப்பல் மாத்திரை போட்டாங்களான்னு நான் கேட்டிருக்கணும்."

அவர் கை மெல்லக் கீழே இறங்கியது. கட்டிலில் சொர்ணம்மா கண்ணைப் பாதி திறந்து, சுற்றிலும் பார்த்துக் குழறினாள்.

"போர்ட் பிளேர் வந்துருச்சாங்க? சுதா எந்தக் கட்டில்ல இருக்கா?"