முப்பத்துமூன்று இன்ச் டயர்

டாரல் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து கடைச் சுவரோரம் நிறுத்தினான். ஒன்று மற்றதைவிட மூன்று விரல் உயரம். வெர்லின் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, பெரியதைத்தான் தடவிப் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு போடணும்னா உங்க பிக்கப் உயரத்தக் கொஞ்சம் ஏத்தணும். இல்லேன்னா ஸ்டியரிங்க ஒடிக்கும்போது உள்ள உரசும்," என்றான் டாரல். "முப்பத்திமூணு அப்படியே உட்கார்ந்துடும். ஆனா நீங்க பதினோரு வருஷமா கேட்டுட்டு இருக்கறது முப்பத்தஞ்சுதானே?"

பதினோரு வருடமாகத்தான். ஒவ்வொரு வசந்தத்திலும் கூரை, கிணற்று மோட்டார், மனைவி ஆர்லிஸின் பல் என்று ஏதாவது ஒன்று முந்திக்கொள்ளும். இந்த வருடம் முந்திக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆர்லிஸுக்கு இனிச் செய்ய எதுவுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, ஏற்றி இறக்குகிற கட்டில் ஒன்றை வீட்டு முன்னறைக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். தினமும் வந்து பார்க்கிற நர்ஸ் இன்னும் ஒரு வாரம், பத்து நாள் என்றிருந்தாள். காலையில் ஆர்லிஸ்தான் அவரை விரட்டினாள்.

"நாள் முழுக்க என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க. போ. போய் அந்தச் சக்கரத்தை மாட்டிட்டு வா. நதீன் இருக்கா இல்ல?"

நதீன் அவள் தங்கை. பில்லிங்ஸிலிருந்து வந்து மூன்று வாரமாக அந்த முன்னறைச் சோபாவிலேயே படுத்துக்கொண்டிருந்தாள்.

"ரிம்மு? கறுப்பா, வெள்ளியா?" என்று கேட்டான் டாரல்.

வெர்லின் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போன் செய்தார். நதீன் எடுத்து அக்காவின் காதில் வைத்தாள்.

"கறுப்புல ஒண்ணு இருக்கு. வெள்ளியில ஒண்ணு. எதை எடுக்கட்டும்?"

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

"நாப்பத்திரண்டு வருஷமா உன் சட்டையெல்லாம் நான்தான் எடுத்தேன். சக்கரத்தையாவது நீயே எடு."

"சரி. கறுப்பு."

"கறுப்புல சேறு தெரியாது. நீ கழுவவே மாட்ட."

"அப்ப வெள்ளி."

"நான் ஒண்ணும் சொல்லலப்பா." அவள் சிரிக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. இருமலாகவும் இருக்கலாம். "சீக்கிரம் கொண்டா. பார்க்கணும்."

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "வெள்ளி. முப்பத்திமூணு போதும்."

"முப்பத்தஞ்சு வேணாமா?"

"அவ ஏறணும்ல. இப்பவே வண்டியில ஏற முனகுவா."

ஆர்லிஸின் நிலைமை ஊரில் எல்லோருக்கும் தெரியும். டாரலுக்கும் தெரியும். அவன் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே, "ஆமா, முப்பத்திமூணுன்னா ஏற சுலபம்தான்," என்று சொல்லி எழுதிக்கொண்டான்.

வண்டியை மேலே தூக்கி நான்கு சக்கரத்தையும் கழற்றினார்கள். நட்டுக்கு மூடி கறுப்பிலா வெள்ளியிலா என்று டாரல் கேட்டான். வெர்லின் அதற்கும் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கண்ணாடிப் பெட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பல நாளுக்குப் பிறகு மனம் லேசாக இருந்தது. அப்போதுதான் போன் அடித்தது.

"வெர்லின், வாங்க," என்றாள் நதீன்.

"என்ன ஆச்சு?"

"வாங்க. உடனே."

அவர் திரும்பிப் பார்த்தார். வண்டி ஆள் உயரத்தில், சக்கரம் ஒன்றுகூட இல்லாமல் நின்றது. டாரல் தன் கார்ச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான்.

சின்னச் சிவப்புக் கார். சீட்டைப் பின்னால் தள்ளும் பிடி அவருக்கு அகப்படவில்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க எட்டு மைல் ஓட்டினார். வீட்டு வாசலில் நதீன் நின்றிருந்தாள். கார் நின்ற பிறகும் அவள் படியிறங்கி வரவில்லை. அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே கட்டிலின் தலைப்பக்கம் நிமிர்த்தி வைத்திருந்தது. ஆர்லிஸ் ஏறக்குறைய உட்கார்ந்த வாக்கில் இருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முதுகை உயர்த்தினால் வலி தாங்காது என்று பத்து நாளாக அவளைப் படுக்க வைத்தேதான் எல்லாம் செய்தார்கள்.

"கட்டில ஏன் தூக்கி வச்சிருக்கு?"

நதீன் மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். "அவதான் தூக்கச் சொன்னா. ரோடு தெரியணுமாம். வண்டி வர்றதப் பார்க்கணுமாம்." துண்டைக் கீழே வைத்துவிட்டு, "வலிக்கும்னு சொன்னேன். கேக்கல," என்றாள்.

ஜன்னல் வழியே மண் பாதை நெடுஞ்சாலை வரை நேராகத் தெரிந்தது. இந்தப் பக்கம் டாரலின் சிவப்புக் கார், கதவு திறந்தபடி நின்றது.

வெர்லின் கட்டிலின் பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினார். மோட்டார் முனகிக்கொண்டே மெதுவாக இறங்கியது. அது தட்டையாகப் படியும்வரை விரலை எடுக்கவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் டாரல் வண்டியைக் கொண்டுவந்து விட்டான். கதவைத் தட்டவில்லை. சாவியை வண்டி சீட்டிலேயே வைத்துவிட்டு, தன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான்காம் நாள் அடக்கம். முடிந்ததும் தேவாலயத்தின் கீழறையில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கும் காப்பியும் கொடுத்தார்கள். பெண்கள் நதீனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவி, வெர்லினின் வண்டியைச் சுற்றி நின்றார்கள்.

"முப்பத்திமூணா?" என்று கேட்டார், அவரோடு ரயில்வேயில் இருபது வருடம் வேலை பார்த்த ஹார்லன்.

"முப்பத்திமூணு."

"திருப்பும்போது உரசுதா?"

"இல்ல."

ஹார்லன் குனிந்து ரிம்மை விரலால் தட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கு, வெர்லின்."

"ம்."

காற்று பலமாக இருந்ததால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார்கள்.

மறுநாள் காலை நதீன் தன் காரில் பில்லிங்ஸ் கிளம்பினாள். "ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க," என்றாள். கூப்பிடுவதாகச் சொன்னார். அவள் போன பிறகு பாத்திரம் கழுவினார். ஒரு தட்டு, ஒரு கோப்பை. வண்டிக்குள் போய் உட்கார்ந்தபோதுதான் முன் கண்ணாடிக்குக் கீழே டாரல் சொருகி வைத்திருந்த தாளைப் பார்த்தார். 'ஐம்பது மைல் ஓடியதும் கொண்டு வாருங்கள். நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.'

கடையிலிருந்து வந்தது, கல்லறைக்குப் போய்த் திரும்பியது எல்லாம் சேர்த்தாலும் அதில் பாதிதான் ஆகியிருக்கும். மண் பாதை முடிந்து நெடுஞ்சாலை வந்ததும் ஊர்ப்பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் அவருக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. வேலிக் கம்பியும் காய்ந்த புல்லும் சாலையை ஒட்டி ரயில் பாதையும் வந்துகொண்டே இருந்தன. லாரிகள் பனிக்காலத்தில் சறுக்காமலிருக்கச் சக்கரத்தில் சங்கிலி மாட்டுவதற்காக ஒதுக்கியிருந்த சரளைத் திடலில் வண்டியை ஒதுக்கி நிறுத்தி இறங்கினார்.

புது டயரின் ரப்பர் முடிகள் இன்னும் உதிரவில்லை. பள்ளங்களில் சரளைக் கல் மாட்டியிருந்தது. அவர் பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு குந்தி, ஒவ்வொன்றாக நெம்பி எடுக்க ஆரம்பித்தார். மூன்றாவது டயரில் இருந்தபோது நிலக்கரி ரயில் ஒன்று வந்தது. அது முழுவதும் கடந்து போகும்வரை எழுந்து நின்று பார்த்தார். சத்தம் ஓய்ந்ததும் மறுபடி குனிந்து விட்ட இடத்தைத் தேடினார்.