மூன்றாவது கை

வாத்தியார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், மறுபடியும் ஏற்றினார். கையிலிருந்த காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி.

"என்ன தங்கச்சி இது? இத வாசிக்க மூணு கை வேணும்."

பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுப்பவர் அவர். அவளுடைய கணவனின் கூட்டாளி. கணவன் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன். வேலை இல்லாத பொழுதெல்லாம் கீபோர்டே கதி என்று கிடப்பான். கீபோர்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் போகும். அவன் வாசிக்க வாசிக்க அது ஒவ்வொரு கட்டையையும் ஞாபகம் வைத்துக்கொண்டு, கேட்டால் நோட்ஸாக எழுதித் தரும். போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பியவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான். அவ்வளவுதான். அவன் கடைசியாகச் செய்துகொண்டிருந்த பாட்டைத் தன் மாணவர்களை வைத்துப் பள்ளி விழாவில் வாசிக்கவேண்டும் என்பது வாத்தியாரின் ஆசை. அதற்காகத்தான் அவள் அச்சடித்துக் கொடுத்தாள்.

"பாரு. இடது கை இங்க, அடியில. வலது கை அங்க, உச்சியில. நடுவுல ஒன்னு விழுதே, அது யாரோடது? அவன் கை என்ன ரப்பரா?"

"கம்ப்யூட்டர் தப்பா எழுதியிருக்குமோ அண்ணா?"

"அது நாம தும்மினாக்கூட எழுதி வெச்சுக்கற ரகம். இல்லாதத எழுதாது." அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "இன்னொரு கோளாறு. பாதியிலயே நிக்குது. முடிவில்லாம பசங்ககிட்ட எப்படிக் குடுக்கறது? அந்த நடுக் கட்டைய மட்டும் நீ அழிச்சுக் குடு. முடிவ நானே போட்டுக்கறேன்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் 'நானே போட்டுக்கறேன்' என்றது அவளுக்குச் சுருக்கென்றது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. படத்தில் இருக்கக்கூடாத இடத்தில் ஒரு நிழல் தெரிந்தால், அது என்னவென்று தெரியும்வரை அவளுக்கு இருப்புக்கொள்ளாது. இதுவும் அப்படித்தான் அரித்தது. மூன்றாவது கை ஒன்று உண்டென்றால், அந்தக் கைக்குச் சொந்தமான ஆள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும். உட்கார்ந்த ஆளுக்குப் பாட்டின் முடிவு தெரிந்திருக்கலாம்.

கம்ப்யூட்டரைத் துருவினாள். எந்தக் கட்டையை எவ்வளவு பலமாக அழுத்தினார்கள் என்பதைக்கூட அது எண்களாகக் குறித்து வைத்திருந்தது. கணவனின் விரல்கள் ஐம்பதைச் சுற்றியே உலாவின. எழுபதைத் தாண்டவே இல்லை. ஆனால் அந்த நடுக் கட்டை விழுந்த போதெல்லாம் நூற்றுப்பத்துக்கு மேல். யாரோ கதவை இடித்தது போல.

வாத்தியாரையே முதலில் அழுத்தச் சொன்னாள். அறுபது. அடுத்து, தற்செயலாக எட்டிப்பார்த்த எதிர்வீட்டு அக்கா. கட்டையில் வைத்த விரலை அந்த அக்கா எடுக்கவே இல்லை. நூற்றிருபத்துநாலு.

"என்னக்கா இப்படி அழுத்தறீங்க?"

"என் வீட்டுக்காரர் மண்டைன்னு நெனச்சுக்கிட்டேன்."

பலம் பொருந்தியது, மற்றது பொருந்தவில்லை. மூன்றாவது கை தொட்டதும் எடுத்துவிடுகிற கை. வெடுக்கென்று ஒரு குத்து, அவ்வளவே.

மிச்சம் இருந்தது மாமனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கீபோர்டு வீட்டுக்குள் வந்த அன்றே, "காசு குடுத்துத் தலைவலி வாங்கிட்டு வந்திருக்கான்" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னவர். மகன் போன பிறகு அவரும் அவளும் மாத்திரை, கரண்ட் பில், கதவுத் தாழ்ப்பாள் இவற்றைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒருவர் அழுவது மற்றவருக்குத் தெரியக்கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமை.

"மாமா, இத ஒரு தடவ அழுத்துங்களேன்."

"நானா? அந்தச் சனியன நான் எதுக்குத் தொடணும்? போம்மா."

ஞாயிற்றுக்கிழமை காலை, வேறு வழியில்லாமல், வாத்தியார் சொன்னபடி அந்தக் கட்டை விழுந்த இடங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு முழுப் பாட்டையும் ஓடவிட்டாள். வாரிப் பின்னிய தலைபோல வழவழவென்று போனது. குறையே இல்லை. அதுதான் குறையாகவும் பட்டது.

"ஏம்மா! ஒன்னு விட்டுப்போச்சு பாரு!"

கூடத்திலிருந்து குரல். அவள் அசையவில்லை. பாட்டு போய்க்கொண்டே இருந்தது.

"இதோ, இன்னொன்னும் போச்சு!"

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. என்ன சொல்லித் தொலைத்தோம் என்று அவருக்கும் உறைத்திருக்கவேண்டும். அவள் எழுந்து போனாள். செய்தித்தாள் அவர் முகத்தை மூடியிருந்தது.

"என்ன மாமா விட்டுப்போச்சு?"

"ஒன்னுமில்ல. பேப்பர்ல ஒரு எழுத்து."

"ரெண்டு சொன்னீங்க."

செய்தித்தாள் மெதுவாக இறங்கியது.

"நீ டூட்டிக்குப் போனப்புறம் கூப்பிடுவான். 'எனக்கு ரெண்டு கைதாம்ப்பா இருக்கு, ஒரு விரல் கடன் குடு'ம்பான். ஊரெல்லாம் அந்தப் பெட்டியத் திட்டிட்டு, நானே அதும் பக்கத்துல போய் உக்காந்தேன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

"என்ன வாசிப்பீங்க?"

"வாசிக்கறதாவது! ஒரே கட்டை. எனக்குத் தெரியணும்னு அதுல காகிதம் ஒட்டி வெச்சிருந்தான். அவன் தலைய ஆட்டுவான், நான் பெல் அடிப்பேன்."

துடைக்கும்போதெல்லாம் அழுக்கு என்று அவள் நினைத்த காகிதத்துண்டு அது.

"முடிவு எப்படின்னு தெரியுமா மாமா?"

அவர் முகம் வாடியது. "எனக்குப் பாட்டெல்லாம் தெரியாதும்மா. அவன் தலை ஆடறதுதான் தெரியும்."

அவளுக்கு உள்ளே ஏதோ பொசுக்கென்று அணைந்தது. ஆனாலும், "சும்மா வந்து உக்காருங்க" என்றாள். அவர் வந்தார். நாற்காலியின் இடது பாதியை விட்டுவிட்டு வலது பாதியில் உட்கார்ந்தார். அவள் பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, அவர் அழுத்துவதைப் பதிவாகும்படி வைத்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரல் காத்திருந்தது. இறங்கியது. நூற்றுப்பதினான்கு. அடுத்தது, அதற்கடுத்தது, அழித்த இடத்தில் எல்லாம் அச்சுப் பிசகாமல் விழுந்தது.

பாட்டு வழக்கமான இடத்தில் நின்றது. நிறுத்தப் போன அவள் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அவருடைய விரல் இன்னும் காத்திருந்தது. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். விரல் இறங்கியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி இறங்கியது. பிறகு நீண்ட இடைவெளி. ஆட்டிக்காட்ட மகன் இல்லை. அவருடைய தலையே மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கடைசியாக, அடுத்தடுத்து இரண்டு குத்து.

கண்ணைத் திறந்தார். "முடிஞ்சிருச்சா?"

"பாட்டு அப்பவே நின்னுருச்சு மாமா."

"அப்ப நான் எதுக்கு அடிச்சேன்?"

"அதான் நானும் கேக்கறேன். கடைசில ஏன் ரெண்டு?"

அவர் கட்டைவிரலைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஒரு பெல்லுன்னா வண்டி நிக்கணும். ரெண்டுன்னா கெளம்பணும். முடியற எடத்துல ஒன்னுதானடா அடிக்கணும்னேன். 'இல்லப்பா, ரெண்டு அடி'ன்னான். நான் சொன்னத அவன் என்னிக்குக் கேட்டான், அவன் சொன்னத நான் என்னிக்குக் கேட்டேன். இது ஒன்னத்தான் கேட்டேன்."

அடுத்த நாள் வந்த வாத்தியார் புதிய காகிதத்தை வாங்கிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் ஐந்து ஐந்தாக நோட்ஸ் கோடுகள் வெறுமனே ஓடின. எங்கோ ஒரு புள்ளி, தள்ளி ஒரு புள்ளி. ஓரத்தில் இரண்டு.

"இவ்வளவு எடம் காலியா கெடக்கே தங்கச்சி. நான் நிரப்பட்டுமா?"

"வேணாம்ணா. இப்படியே இருக்கட்டும்."

"அவ்வளவு நேரம் பசங்க என்ன பண்ணுவாங்க?"

"காத்திருக்கட்டும். மாமா காத்திருந்தாரே."

வாத்தியார் பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டு, வாய்க்குள் எண்ணிப் பார்த்தார். எண்ணி முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"சரி. ஆனா நடுக் கட்டைக்குத் தனியா ஒரு ஆள் வேணுமே. யாரப் போடறது?"

கூடத்தில் செய்தித்தாள் மடிக்கும் சத்தம் கேட்டது.

"ரிகர்சல் என்னிக்குன்னு கேளும்மா."